“இல்லாததை இழுத்து விட்டுருவாங்க” என்கிற அம்மா

வாசகர் கடிதம்:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியை. வயது 36. அம்மாவுக்கு 58. சுகர், பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அக்கா வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும்போது, “ஆரம்ப சுகாதார நிலையத்துல மார்பகப் பரிசோதனை பண்றாங்கம்மா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க” என்று மூன்று முறை சொல்லிவிட்டார். அம்மா அசையவில்லை. “எனக்கு வலியா, வேதனையா? நம்ம வம்சத்துலயே கிடையாது. மூணு பிள்ளைக்குப் பால் கொடுத்த உடம்புக்கு ஒண்ணும் வராது. போய்க் காட்டுனா இல்லாததை இழுத்து விட்டுருவாங்க” என்கிறார். எதிர்வீட்டில் ஒருவர் இருந்தார். அம்மா அவரை மதினி என்றுதான் கூப்பிடுவார். ஆறு வருடம் முன்பு மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து, எட்டே மாதத்தில் இறந்துபோனார். “கத்தி வெச்சாங்க, போயிட்டா” என்பது அம்மாவின் தீர்ப்பு. நான் புள்ளிவிவரம் சொன்னேன், போனில் புண்ணாகிப்போன மார்பகத்தின் படங்களைக் காட்டினேன், கடைசியில் கத்தியும் விட்டேன். நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. படிக்காதவர்களுக்கு இதை எப்படித்தான் புரியவைப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் அம்மா படிக்காததால் மறுக்கவில்லை. அறுவை சிகிச்சைப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறேன். கல்லூரிப் பேராசிரியை, வங்கி அதிகாரி, ஏன், நர்ஸாகவே வேலை பார்த்தவர்கள்கூடக் கட்டியை ஒரு வருடம் மறைத்து வைத்திருந்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் சொன்ன காரணங்களும் உங்கள் அம்மா சொன்னவைதான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 5.6 சதவீதம். நாடு முழுவதற்கும் எடுத்தால் ஒரு சதவீதம்கூட இல்லை. படித்தவர் படிக்காதவர் என்று பிரிக்கிற அளவுக்குக்கூட இங்கே கூட்டம் வரவில்லை.

இலவசமாக வைத்தாலும் ஏன் வருவதில்லை என்ற கேள்வி பழையது. 1950களில் அமெரிக்காவில் காசநோய் கண்டறிய எக்ஸ்ரே வண்டிகளைத் தெருவுக்கே அனுப்பினார்கள். காசு கிடையாது, தூரம் கிடையாது. அப்படியும் பலர் வீட்டைவிட்டு இறங்கவில்லை. அங்கே பொதுச் சுகாதாரத் துறையில் இருந்த காட்ஃப்ரே ஹாக்பாம் என்ற சமூக உளவியலாளர் மக்களிடமே போய்க் கேட்டார். ‘இந்த நோய் எனக்கும் வரலாம்’ என்று நம்பியவர்கள், கூடவே ‘முன்னாடியே கண்டுபிடித்தால் நன்மை உண்டு’ என்றும் நம்பியவர்கள், இந்த இரண்டு நம்பிக்கையும் உள்ளவர்களில் 82 சதவீதம் பேர் தாங்களாகவே போய் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டுமே இல்லாதவர்களில் 21 சதவீதம்தான். இதிலிருந்து வளர்ந்த ஆராய்ச்சியைப் பின்னாளில் மார்பகப் பரிசோதனைக்கும் பொருத்திப் பார்த்தார்கள். தடைகளையும் சேர்த்துக் கேட்டார்கள். வெட்கமா, வலிக்குமென்ற பயமா, கூட வர ஆளில்லையா, செலவா, முடிவு என்னவாக வருமோ என்ற நடுக்கமா?

உங்கள் அம்மா சொன்ன ஐந்து வாக்கியங்களையும் இந்தக் கண்ணோடு மறுபடி படித்துப் பார்த்தேன். வலி இல்லை, வம்சத்தில் இல்லை, பால் கொடுத்த உடம்பு. இந்த மூன்றும் ‘எனக்கு வராது’ என்ற பக்கம். இழுத்து விட்டுருவாங்க, கத்தி வெச்சாங்க போயிட்டா. இந்த இரண்டும் ‘போனால் கெடுதல்’ என்ற பக்கம். நீங்கள் முதல் மூன்றோடு சண்டை போட்டிருக்கிறீர்கள். அம்மாவைப் பிடித்து வைத்திருப்பது பின்னால் வரும் இரண்டும்தான்.

முதல் மூன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலி இல்லை என்பது நிம்மதிக்கான காரணமே இல்லை. ஆரம்பத்தில் வரும் புற்றுக்கட்டிகள் பெரும்பாலும் வலிக்காது. வலித்தால் அடுத்த நாளே ஓடி வந்திருப்பார்கள், வலிக்காததால்தான் வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி வாட்டிக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருக்கிறார்கள். வம்சத்தில் இல்லை என்பதும் அப்படித்தான். பரம்பரை மரபணுக் கோளாறால் வருவது நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான். இந்நோய் வந்த பெண்களில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் வந்திருக்காது.

பால் கொடுத்த விஷயத்தில் மட்டும் அம்மா பக்கம் நியாயம் இருக்கிறது, அதை அவரிடம் ஒப்புக்கொள்ளுங்கள். 30 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2002-ல் வெளியான ஒரு பெரிய கணக்கில், ஒரு பெண் பால் கொடுத்த ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைகிறது என்றும், ஒவ்வொரு பிரசவத்துக்கும் தனியாக 7 சதவீதம் குறைகிறது என்றும் வந்தது. ஆக உங்கள் அம்மா கேட்டு வளர்ந்தது வெறும் கட்டுக்கதை இல்லை. குறைகிறது, ஆனால் இல்லாமல் போய்விடுவதில்லை. “நீ சொல்றது சரிதாம்மா, மூணு பேரையும் வளர்த்த பால் உன்னையும் கொஞ்சம் காப்பாத்திருக்கு. ஆனா வயசு ஏற ஏற இது வரத்தான் செய்யுமாம்” என்று சொல்லிப் பாருங்கள். சரியென்று ஒன்றையாவது நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் அவருடைய காது திறக்கும்.

இப்போது மதினி.

உங்கள் அம்மா தன் கண்ணால் பார்த்தது என்ன? நன்றாக நடமாடிக்கொண்டிருந்த ஒரு பெண், ஆஸ்பத்திரிக்குப் போனாள், மார்பை எடுத்தார்கள், முடி கொட்டியது, எட்டு மாதத்தில் பாடை கட்டினார்கள். இந்த வரிசையைப் பார்த்த யாருக்கும் அந்த முடிவுதான் வரும். அவர் பார்க்காதது ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய காலத்தை. மதினியை எனக்குத் தெரியாது, அவருடைய ரிப்போர்ட்டைப் பார்க்காமல் நான் சொல்லக் கூடாது. ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில மாதங்களிலேயே இறந்துபோகிறவர்களில் நான் பார்த்த பலரும், கட்டி தென்பட்டு வெகுநாள் கழித்து வந்தவர்கள். அக்குளில் நெறி கட்டியிருக்கும், தோல் இறுகியிருக்கும், எலும்புக்கோ நுரையீரலுக்கோ போயிருக்கும். கத்தி வைத்ததால் பரவவில்லை. பரவிய பிறகுதான் கத்தியிடம் வந்தார்கள். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியைப் பற்றியும் இதே பயம் உண்டு, “ஊசி குத்தினா கிளம்பிடும்” என்று. முறையாகச் செய்யும் பயாப்ஸியால் நோய் பெரிதாவதும் இல்லை, ஆயுள் குறைவதும் இல்லை. அதைச் செய்யாமல் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்கவே முடியாது.

ஒரு பெண் நினைவுக்கு வருகிறார். ஐம்பதைத் தாண்டியவர். கட்டி கோலிக்குண்டு அளவு இருந்தபோதே அவர் கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. மூத்த மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். “அம்மாவுக்கு இந்த வியாதின்னு தெரிஞ்சா யாரு பொண்ணு எடுப்பா?” என்று யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்தது, மறுவீடு முடிந்தது, வளைகாப்பும் முடிந்தது. பதினான்கு மாதம் கழித்து ஜாக்கெட்டின் ஒரு பக்கம் நனைந்ததைப் பார்த்து மகள்தான் இழுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே நான்காக மடித்த பழைய வேட்டித் துணி வைத்திருந்தார். நான் அந்தத் துணியை எடுத்தபோது, “மன்னிச்சிருங்கம்மா, வாடை வருது” என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

இதே பயம்தான் இன்னொரு வேலையும் செய்கிறது. குணமானவர்கள் வெளியே சொல்வதில்லை. ஆரம்பத்திலேயே வந்து, சிகிச்சை முடித்து, பத்து வருடம் பதினைந்து வருடமாகக் களையெடுத்துக்கொண்டும், ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டும் இருக்கிற பெண்கள் உங்கள் வட்டாரத்திலும் இருப்பார்கள். அவர்கள் வீட்டில் “கர்ப்பப்பை ஆபரேஷன்” என்றோ “கொழுப்புக் கட்டி எடுத்தாங்க” என்றோ சொல்லியிருப்பார்கள். இறந்தவர்களின் நோய் ஊருக்கே தெரியும், பிழைத்தவர்களின் நோய் யாருக்கும் தெரியாது. அப்படியென்றால் உங்கள் அம்மாவின் கண்ணுக்குப் புற்றுநோய் என்றால் சாவாகத்தானே தெரியும்? 2022-ல் இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது, அந்த ஆண்டில் சுமார் 98 ஆயிரம் பேர் அந்த நோயால் இறந்தார்கள் என்பது உலகப் புற்றுநோய்க் கணக்கு. அம்மாவின் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தாமதமாக வருவதால்தான் நம் நாட்டில் இத்தனை பேரை இழக்கிறோம். சீக்கிரம் கண்டுபிடித்தால் கதை வேறு என்பதை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அதனால்தான் நீங்கள் காட்டிய படங்கள் வேலை செய்யவில்லை. பயம் அவரிடம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருந்தது. நீங்கள் இன்னும் கொஞ்சம் ஊற்றியிருக்கிறீர்கள். வெளியே போக வழி தெரியாமல் பயம் மட்டும் கூடினால் மனிதர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள், உங்கள் அம்மா வாயையும் மூடிக்கொண்டார். அந்தப் படங்களை அழித்துவிடுங்கள்.

படங்களுக்குப் பதிலாகப் பிழைத்திருக்கும் ஒரு பெண்ணைக் காட்டுங்கள். உங்கள் பள்ளியில், உறவில், சுய உதவிக் குழுவில் விசாரித்தால் ஒருவராவது கிடைப்பார். அவர் சம்மதித்தால் வீட்டுக்குக் காபிக்குக் கூப்பிடுங்கள். நான் வார்டில் இதைத்தான் செய்வேன். ஆபரேஷன் வேண்டாமென்று அழுகிறவரின் கட்டிலுக்குப் பக்கத்தில், வருடாந்திரச் சோதனைக்கு வந்த பழைய நோயாளி ஒருவரை உட்காரவைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அரை மணி நேரம் நான் பேசி நடக்காதது அங்கே பத்து நிமிஷத்தில் நடந்துவிடும்.

அதற்கு முன் மதினியைப் பற்றி அம்மாவிடம் கேளுங்கள். திருத்துவதற்காக வேண்டாம், தெரிந்துகொள்வதற்காகக் கேளுங்கள். “மதினிக்கு எப்பம்மா மொதல்ல தெரிஞ்சுது? உங்கிட்ட சொன்னாங்களா?” அவர்கள் இருவரும் தோழிகள் என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. ஒருவேளை மதினி முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லியிருக்கலாம், அம்மாவே “ஒண்ணும் இருக்காது, விளக்கெண்ணெய் போடு” என்று சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டு பரிசோதனையைப் பற்றிப் பேசவே விரும்பாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் அழுதால் அழட்டும். அன்றைக்குப் பரிசோதனைப் பேச்சை எடுக்காதீர்கள்.

வெட்கத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் அம்மாக்கள் அதை மகளிடம்கூட வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். “யார் பார்ப்பாங்க, ஆம்பளை டாக்டரா?” என்பதுதான் பலருடைய முதல் கேள்வி, அது தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். இதில் எங்கள் பக்கமும் தவறு உண்டு. வெகுகாலத்துக்கு முன் நான் போன ஒரு முகாமில் திரைகூடக் கட்டாமல், வகுப்பறை பெஞ்சுகளைச் சுவர்போல் அடுக்கிவைத்துப் பெண்களைப் பரிசோதித்தார்கள். முதலில் வந்த நான்கு பேருக்குப் பிறகு வரிசையே கலைந்துவிட்டது. திரை கட்டும்வரை நான் நிறுத்தியிருக்க வேண்டும். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பிய பெண்கள் ஊரில் போய் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது இன்னும் என்னை உறுத்துகிறது.

ஆகவே உள்ளே என்ன நடக்கும் என்பதை அம்மாவிடம் அப்படியே சொல்லுங்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொற்றா நோய்ப் பிரிவு நர்ஸ் இதைச் செய்வார். பெண்தான் பார்க்க வேண்டும் என்று முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சேலை ஜாக்கெட்டோடு போனால் வசதி, இடுப்புக்கு மேலே மட்டும்தான் தளர்த்த வேண்டியிருக்கும். முதலில் உட்காரவைத்து இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா, தோல் எங்காவது குழிந்திருக்கிறதா, சாத்துக்குடித் தோல்போல் தடித்திருக்கிறதா, காம்பு புதிதாக உள்ளே இழுத்திருக்கிறதா என்று பார்ப்பார். கையைத் தூக்கச் சொல்வார், இடுப்பில் வைத்து அழுத்தச் சொல்வார். பிறகு படுக்கவைத்து, நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால் சின்னச் சின்ன வட்டமாக, காறை எலும்பிலிருந்து மார்புக்குக் கீழ் மடிப்புவரை ஓர் இடம் விடாமல் அழுத்திக்கொண்டே வருவார். கடைசியில் அக்குள். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இரத்தம் எடுப்பதில்லை, ஊசி இல்லை, கத்தி இல்லை.

“வெறும் கையால் தடவிப் பார்த்து என்ன தெரிந்துவிடும்?” என்று நீங்களே கேட்கலாம். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கிய ஆய்வு இதற்குத்தான் பதில் தேடியது. குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயதுவரை ஒன்றரை லட்சம் பெண்கள். ஒரு பாதிப் பகுதிகளில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். இருபது வருடம் தொடர்ந்து கவனித்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். பரிசோதித்தவர்களில் நோய் முன்னதாகவே பிடிபட்டது. 50 வயதைத் தாண்டிய பெண்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழே உள்ளவர்களில் அந்த அளவு பலன் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். உங்கள் அம்மாவுக்கு 58. மிக அதிகப் பலன் கண்ட வயதில்தான் அவர் இருக்கிறார்.

“இழுத்து விட்டுருவாங்க” என்பதற்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பரிசோதித்தால் சில சமயம் ஒன்றுமில்லாததும் சந்தேகமாகத் தெரியும், மறுபடி வரச் சொல்வார்கள், மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுப்பார்கள். அந்தச் சில நாட்கள் தூக்கம் வராது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், கூப்பிட்டவுடன் “பார்த்தியா, சொன்னேன்ல” என்று இடிந்துபோக மாட்டார். மறுபடி கூப்பிடப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. மேமோகிராம் என்று வந்தால், இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பகத்தை வைத்துச் சில விநாடி அழுத்துவார்கள், பக்கத்துக்கு இரண்டு படம். அழுத்தும்போது வலிக்கும், எடுத்ததும் போய்விடும். அன்று மட்டும் மார்பிலும் அக்குளிலும் பவுடர் போடாமல் போகச் சொல்லுங்கள். பவுடர் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழுந்து, சில சமயம் புற்றின் அடையாளமாக இருக்கும் சுண்ணாம்புப் படிவுபோல் காட்டிக் குழப்பும். கதிர்வீச்சின் அளவு மிகக் குறைவு. நாம் சும்மா இருந்தாலும் சில வாரங்களில் இயற்கையிலிருந்து உடம்பில் படுகிற அளவுதான். செலவைப் பற்றி அப்பா கவலைப்பட்டால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும் என்று சொல்லுங்கள். கார்டு புதுப்பித்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

எந்த நாளில் கூட்டிப்போவது? தனியாக “பரிசோதனைக்குப் போகலாம்” என்று கிளம்பினால் தெருவே கேட்கும். சுகருக்கு இரத்தம் பார்க்கப் போகும் நாளில் அதையும் சேர்த்து முடித்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் யார் விசாரித்தாலும் சுகர் பார்க்கப் போனோம் என்று அம்மா சொல்லிக்கொள்ளலாம். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும், அவருக்கு அது பெரிய கவசம்.

இன்னொன்று. நான்கு பக்கக் கடிதத்தில் நீங்கள் பரிசோதனை செய்துகொண்டதாக ஓர் இடத்திலும் எழுதவில்லை. உங்கள் வயதில், இரத்த உறவில் யாருக்கும் நோய் இல்லாதபோது, மேமோகிராம் தேவையில்லை. ஆனால் அரசுத் திட்டத்தில் 30 வயதிலிருந்தே கைப் பரிசோதனை உண்டு. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் அங்கேயே செய்வார்கள். உங்கள் பெயரும் அந்த அக்காவின் பதிவேட்டில் மூன்று முறை கூப்பிட்டும் வராதவர்கள் பக்கத்தில் இருக்கலாம். அன்றைக்கு அம்மாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு முதலில் நீங்கள் உள்ளே போங்கள். பத்து நிமிடம் கழித்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு நீங்கள் வெளியே வரும்போது, அம்மா உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்.